குறி தவறியது யாரால்?

1805ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 7ஆந் திகதி. இன்று மொண்டானா என்று அழைக்கப்படும் மாநிலத்தில், ஜெபர்சன் ஆற்றின் கிளைகள் கூடும் இடத்துக்கு அண்மையில் முகாமிட்டிருந்த மெரிவெதர் லூயிஸ் என்ற அமெரிக்க இராணுவக் கப்டன் தமது நாட்குறிப்பில் ஒரு சிறு செய்தியைப் பதிந்து வைத்தார். தம்மிடமிருந்த காற்றுத் துப்பாக்கி பழுதடைந்திருந்தது, ஏதோவொரு விபத்தினால் அதன் குறிகாட்டிகள் இடம் பெயர்ந்திருந்தன, தாமே அதைச் செப்பனிட்டுச் சரிப்படுத்தினார், அது மீண்டும் முன்போலவே சுடத் தொடங்கியது. சாரம் அவ்வளவுதான். ஆற்றின் வளைவுகள், நுளம்புத் தொல்லை, காணாமற்போன ஒரு வீரனைத் தேடுதல் ஆகியவற்றுக்கு நடுவே வந்துபோகும் இந்தக் குறிப்பைப் பலர் கவனியாமல் கடந்து சென்றிருப்பார்கள்.

பத்து நாட்களின் பின்னர் நிகழ்ந்ததையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் அதன் கனம் புலப்படும். ஆகஸ்ட் 17ஆந் திகதி லூயிசும் கிளார்க்கும் ஷொஷோனி மக்களுடன் ஒன்றாக அமர்ந்து பேச்சு நடத்தினர். ரொக்கி மலைத்தொடர் எதிரே நின்றது. படகுகள் இனிப் பயன்படா. குதிரைகள் கிடைக்காவிட்டால் ஏறக்குறைய முப்பது பேர் கொண்ட அந்தக் குழு பனிக்காலத்துக்கு முன் மலையைக் கடக்க இயலாது. குதிரைகளோ ஷொஷோனிகளிடம் மாத்திரமே இருந்தன. அன்று லூயிஸ் அம்மக்களின் முன்னிலையில் தமது காற்றுத் துப்பாக்கியைச் சுட்டுக் காட்டினார். புகையில்லை, தீப்பொறியில்லை, வெடிமருந்து நாற்றமில்லை. ஆயினும் குண்டு பாய்ந்தது. அதனை அவர்கள் மாபெரும் மந்திர சக்தி என்ற பொருளில் பெயரிட்டு வியந்ததாக அவர் எழுதியிருக்கிறார். குதிரைகளும் பின்னர் கிடைத்தன. துப்பாக்கி மட்டுமே அவற்றைப் பெற்றுத் தந்தது என்று சொல்வது மிகை. ஷொஷோனித் தலைவர் குழுவின் மொழிபெயர்ப்பாளரான சக்காஜவீயாவின் சகோதரராக அமைந்த தற்செயல் அதைவிடப் பெரிது. ஆனால் குறிகாட்டி கோணியபடியே இருந்து, எல்லோரும் பார்த்திருக்க இலக்குத் தவறியிருந்தால் அந்த வியப்பு எவ்வாறு முடிந்திருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

துப்பாக்கி பற்றி எழுதுவதென்றால் எமது மண்ணில் பிறந்த எவருக்கும் பேனா ஒரு கணம் தயங்கவே செய்யும். பேச்சு வழக்கில் நாம் 'துவக்கு' என்போம். அந்தச் சொல்லை உச்சரிக்கும்போதே கண்முன் வந்து நிற்கும் காட்சிகள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றாக இருக்கும். பத்திரிகைத் தொழிலில் கழித்த ஆண்டுகளில் நான் எழுதிய துப்பாக்கிச் செய்திகளில் மிகப் பெரும்பாலானவை மரணச் செய்திகளே. ஆகவேதான் ஒரு கடதாசித் துண்டில் அரை மில்லிமீற்றர் புள்ளியைத் தேடிச் செல்லும் துப்பாக்கியின் வரலாறு என்னை ஈர்த்தது. அது எவரையும் கொல்வதில்லை. அது தவறும்போது எழுகின்ற கேள்வியும் வேறு விதமானது. தவறு கருவியிலா, சன்னத்திலா, காற்றிலா, பிடித்த கையிலா?

லூயிசிடம் இருந்த துப்பாக்கி எது என்பதே நீண்ட காலம் விவாதிக்கப்பட்டது. பிலடெல்பியாவைச் சேர்ந்த லூக்கென்ஸ் என்ற கைவினைஞரின் படைப்பு அது என்று முன்னர் கருதினார்கள். தோமஸ் ரொட்னி என்ற பயணி 1803 செப்டெம்பரில் லூயிஸ் அதனை இயக்கிக் காட்டியதைக் கண்டு எழுதிய குறிப்பு பின்னர் கவனத்தைப் பெற்றது. ஒரே தடவையில் 22 குண்டுகளை இட்டுத் தொடர்ந்து சுடத்தக்கது என்று அவர் விவரித்திருந்தார். அக்காலத்தில் அத்தகைய அமைப்புக் கொண்டிருந்தது, ஒஸ்திரியப் படைக்காகப் பார்த்தொலோமேயுஸ் ஜிரண்டோனி வடிவமைத்த காற்றுத் துப்பாக்கியாகும். எனவே இன்றைய ஆய்வாளர்களில் பலர் அதன் பக்கமே சாய்கின்றனர்.

ஜிரண்டோனியின் கருவி 1780ஆம் ஆண்டளவில் ஒஸ்திரியப் படையில் சேர்க்கப்பட்டு ஏறத்தாழ 1815 வரை பாவனையில் இருந்தது. துப்பாக்கியின் பின்கட்டையே காற்றுக் கலனாக அமைந்தது. அதை நிரப்புவதற்குக் கைப்பம்பியை ஏறத்தாழ 1500 தடவை இயக்க வேண்டும். அவ்வாறு நிரப்பிய காற்றில் முப்பது வேட்டுக்கள் வரையிற் பயனுள்ளவையாக இருக்கும். காற்றுக் கசியாதிருக்க வைக்கப்பட்ட தோல் வளையங்கள் உலர்ந்து சுருங்கினால் அமுக்கம் நில்லாது, அவற்றை ஈரப்படுத்தி ஊதவைத்தே காக்க வேண்டியிருந்தது. போர்க்களத்தில் இதையெல்லாம் செய்வது எத்துணை சிரமம்! நிறைந்த கலனில் சுடப்படும் முதற் குண்டும், அமுக்கம் தாழ்ந்தபின் சுடப்படும் முப்பதாவது குண்டும் ஒரே வேகத்தில் வெளியேறா. வேகம் குறைந்த குண்டு கீழே விழும். சிப்பாயின் கை நடுங்காவிட்டாலும் குறி இறங்கிக் கொண்டே போகும். காற்றுத் துப்பாக்கியின் முதற் பெரும் நோய் இதுவே. இதற்கு முழுமையான மருந்து கண்டுபிடிக்க இருநூறு ஆண்டுகள் தேவைப்பட்டன.

இந்நோயை அறிந்தவர்கள் அக்கருவியின் அபாயத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1803 ஆகஸ்ட் 30ஆந் திகதி, பயணம் தொடங்கிய அன்றே, பிற்ஸ்பேர்க் நகருக்கு அருகே லூயிஸ் தமது துப்பாக்கியை 55 யார் தூரத்தில் ஏழு தடவை சுட்டுக் காட்டினார். பின்னர் அதனைப் பழக்கமற்ற ஒருவர் கையில் எடுக்க, அது தானாக வெடித்து, 40 யார் அப்பால் நின்ற ஒரு பெண்ணின் தொப்பியைத் துளைத்து நெற்றிப் பொட்டைக் கீறிச் சென்றது. அப்பெண் உயிர் தப்பினார். ஓசையற்ற ஆயுதம் குறித்த அச்சம் ஐரோப்பிய மனத்தில் நெடுநாள் இருந்தது. ஆர்தர் கொனன் டொயில் 1903இல் ஷெர்லொக் ஹோம்சை மீட்டெடுத்து எழுதிய கதையில் வில்லனின் கையில் காற்றுத் துப்பாக்கியைக் கொடுத்ததும் அந்த அச்சத்தை நம்பியே.

அதே காலப்பகுதியில் இங்கிலாந்தில் காற்றுத் துப்பாக்கி முற்றிலும் சாதுவான ஒரு வடிவத்தை எடுத்துக் கொண்டிருந்தது. பேர்மிங்ஹாமையும் அதைச் சூழ்ந்த தொழில் நகரங்களையும் சேர்ந்த தொழிலாளர்கள் மாலை வேளைகளில் மதுச்சாலைகளின் பின்னறைகளில் கூடி, 6 யார் தூரத்திலிருந்து ஓர் இரும்புத் தகட்டின் நடுவேயுள்ள சிறு துளையினூடே சன்னத்தைச் செலுத்துவார்கள். துளையினூடே போனால் பின்னாலிருக்கும் மணி ஒலிக்கும். துளையின் விட்டம் முக்கால் அங்குலத்தின் பாதி. லிங்கன் ஜெவ்ரிஸ் என்பவரின் வடிவமைப்பில் பி.எஸ்.ஏ. நிறுவனம் 1905 முதல் தயாரித்த துப்பாக்கிகள் இவ்விளையாட்டில் புகழ் பெற்றன. இவை காற்றைச் சேமித்து வைப்பதில்லை. விற்சுருள் ஒன்றை அமுக்கி வைத்து, அதை விடுவிக்கும்போது பாயும் ஆடுதண்டு அக்கணத்திலேயே காற்றை அமுக்கிச் சன்னத்தைத் தள்ளும். ஒவ்வொரு வேட்டுக்கும் புதுக் காற்று. ஆகவே ஜிரண்டோனியின் நோய் இதற்கு இல்லை.

ஆனால் வேறொரு நோய் வந்து சேர்ந்தது. கனமான ஆடுதண்டு முன்னோக்கிப் பாயும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும். ஆடுதண்டு முட்டி நிற்கும்போது எதிர்த்திசையில் ஒரு குலுக்கல். இவ்விரண்டும் சன்னம் குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்னரோ வெளியேறும் தறுவாயிலோ நிகழ்ந்து விடுகின்றன. வெடிமருந்துத் துப்பாக்கியுடன் ஒப்பிடுகையில் சன்னம் மந்தமாகவே நகர்கிறது, சுடுபவரின் பிடியில் உள்ள ஒவ்வொரு வேறுபாட்டையும் அது குழலுக்குள் இருக்கும்போதே வாங்கிக் கொள்கிறது. இறுகப் பிடித்தால் ஓரிடம், தளர்வாகப் பிடித்தால் வேறோரிடம். மேசை மீது வைத்துச் சுட்டால் மூன்றாவது இடம். துப்பாக்கியைப் பரிசோதிக்கவென்று மேசையில் ஊன்றிச் சுட்டுவிட்டு, குறிகாட்டியைத் திருகித் திருத்தி, பின் தோளில் வைத்துச் சுடும்போது எல்லாம் பிழைத்துப் போவதைக் கண்டு திகைத்தவர்கள் ஏராளம். எண்ணெயும் ஒரு சிக்கல். தோல் வளையம் உலர்ந்தால் அமுக்கம் கசியும். கசிகிறதே என்று எண்ணெயை அள்ளி ஊற்றினால் அமுக்கத்தின் வெப்பத்தில் அந்த எண்ணெயே எரிந்து சில சன்னங்களை மட்டும் கூடுதல் வேகத்தில் எறியும். ஒன்று மேலே, ஒன்று கீழே. சுடுபவரோ தம் கண்ணைச் சந்தேகிப்பார்.

காணிவேல் திடல்களில் பலூன் சுடும் கடைகளை அறியாத வாசகர் இரார். தகரப் பலகையில் வரிசையாகப் பலூன்கள், சங்கிலியால் கட்டிய நான்கைந்து பழைய துப்பாக்கிகள். எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் அச்சுக் கோப்பாளராக இருந்த நண்பர் ஒருவர் அக்கடைகளில் தோற்றதேயில்லை. முதற் சன்னத்தைப் பலூனை நோக்கிச் சுடாமல் பலகையில் உள்ள ஓர் அழுக்குப் புள்ளியை நோக்கிச் சுடுவார். சன்னம் எங்கே பட்டது என்று பார்ப்பார். பிறகு அவ்வளவு தூரம் எதிர்ப்பக்கமாகக் குறிவைப்பார். குறிகாட்டி வேண்டுமென்றே கோணலாக்கப்பட்டிருந்தாலும் அது எப்போதும் ஒரே அளவில் கோணலாக இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உலகத் தரத்துத் துப்பாக்கி வல்லுநர்களும் இதே வேறுபாட்டிலிருந்தே தொடங்குகிறார்கள். சன்னங்கள் எல்லாம் ஒரே இடத்தில் கூடி, ஆனால் மையத்துக்கு அப்பால் விழுந்தால் அது குறிகாட்டியின் கோளாறு, ஒரு திருகில் தீரும். சிதறி விழுந்தால் எந்தத் திருகும் உதவாது.

இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜேர்மனியில் ஆயுத உற்பத்திக்கு நேச நாடுகள் தடை விதித்தன. ஒபர்ன்டோர்வ் நகரின் புகழ்பெற்ற மௌசர் ஆயுதத் தொழிற்சாலை பிரெஞ்சு ஆக்கிரமிப்பின் கீழ்க் கழற்றி அகற்றப்பட்டது. துரிங்கியாவின் ஸெல்லா மேலிஸ் பட்டணத்தில் தலைமுறைகளாகத் துப்பாக்கி செய்த வால்தர், அன்ஷூட்ஸ் குடும்பங்கள் சோவியத் பகுதிக்குள் அகப்பட்ட தம் ஊரை விட்டு இடம்பெயர்ந்து உல்ம் நகரில் குடியேறின. ஊரையும் பட்டறையையும் இழந்து, கைத்திறனை மாத்திரம் காவிச் சென்று வேற்றிடத்தில் மீண்டும் தொடங்குவது எத்தகையது என்று எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தடை தளரத் தொடங்கிய 1950களில் அவர்களுக்கு முதலில் அனுமதிக்கப்பட்டவை காற்றுத் துப்பாக்கிகளே. கொல்லும் கருவிகளைச் செய்து பழகிய கைகள் அத்தனை நுட்பத்தையும் ஒரு விளையாட்டுக் கருவியில் இறக்கின.

மௌசரில் பணியாற்றிய கார்ல் வெஸ்டிங்கர், ஏர்ன்ஸ்ட் அல்ற்றன்பேர்கர் ஆகிய இரு பொறியியலாளர்கள் ஒபர்ன்டோர்விலேயே தொடங்கிய சிறு நிறுவனம் வைன்வேர்க்பௌ. நுண்கருவிப் பட்டறை என்பது அப்பெயரின் பொருள். 1961இல் அவர்கள் வெளியிட்ட 150 என்ற துப்பாக்கி விற்சுருளின் உதைப்பை எதிர்த்துப் போராடவில்லை, அதற்கு வழிவிட்டது. குழலும் ஆடுதண்டும் அடங்கிய இயந்திரப் பகுதி முழுவதும் மரக்கட்டைக்குள் தண்டவாளம் போன்ற ஓர் அமைப்பில் சில மில்லிமீற்றர் பின்னோக்கிச் சறுக்கியது. சுடுபவரின் தோளுக்கோ கன்னத்துக்கோ அது தெரியாது. டயானா நிறுவனத்தின் வழி வேறு. குர்ட் கிஸ் என்பவரின் உத்தியைக் கொண்டு, எதிர்த்திசையில் பாயும் இரண்டாவது ஆடுதண்டினால் உதைப்பைச் சமன் செய்தார்கள். எனக்கு வைன்வேர்க்பௌவின் வழியே அழகாகப் படுகிறது.

1966இல் வீஸ்பாடன் உலக சம்பியன்ஷிப் போட்டிகளில் 10 மீற்றர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவு இடம்பெற்றது. 1984 லொஸ் ஏஞ்சல்ஸில் அது ஒலிம்பிக்குக்கு வந்தது. ஆண்கள் பிரிவில் பிரான்ஸின் பிலிப் ஏபெர்லே 600க்கு 589 புள்ளிகளுடன் தங்கம் வென்றார். அந்தச் செய்தி எமது மேசைக்கு வந்தபோது 'எயார் ரைபிள்' என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று பெரியதொரு வாதம் நடந்தது. 'வாயுத் துப்பாக்கி' என்று எழுதினால் கண்ணீர்ப் புகையென்று நினைப்பார்கள் என்றார் ஒருவர். 'காற்றுத் துப்பாக்கி' என்றால் காணிவேல் பலூன் ஞாபகம் வரும் என்றார் மற்றவர். காற்றே வென்றது.

இனி அந்த இலக்கின் அளவைச் சொல்லியாக வேண்டும். கடதாசியில் பத்துப் புள்ளிக்குரிய மையம் முன்னர் 1 மில்லிமீற்றராக இருந்து, 1989இல் 0.5 மில்லிமீற்றராகச் சுருக்கப்பட்டது. நூல் ஊசியின் முனை தைத்த அடையாளம் போன்றது. சன்னத்தின் விட்டமே 4.5 மில்லிமீற்றர். அது அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து என்பதால், சன்னத்தின் நடு இலக்கின் நடுவிலிருந்து 2.5 மில்லிமீற்றருக்குள் விழ வேண்டும். ஒன்பது வளையத்தின் விட்டம் 5.5 மில்லிமீற்றர். சன்னம் செக்கனுக்கு 170 மீற்றர் வேகத்தில் வெளியேறினால் 10 மீற்றரைக் கடக்க ஏறத்தாழ 0.06 செக்கன் எடுக்கும், அதற்குள் புவியீர்ப்பு அதனை ஏறத்தாழ 17 மில்லிமீற்றர் கீழே இழுத்து விடும். குறிகாட்டி அதற்கு ஈடு செய்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு சன்னம் 170 இலும் அடுத்தது 167 இலும் புறப்பட்டால் இரண்டாவது 0.6 மில்லிமீற்றர் தாழ்ந்து விழும். முன், பின் குறிகாட்டிகளுக்கு இடைப்பட்ட தூரம் 70 சென்ரிமீற்றர் என்று கொண்டால், அவற்றில் ஒன்று ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு அசைந்தாலே இலக்கில் 1.4 மில்லிமீற்றர் விலகல் உண்டாகும். ஒரு திருகாணி அரைக்கால் சுற்றுத் தளர்ந்தால் போதும்.

எனவே நிதானமுள்ள பயிற்சியாளர் குறி கெட்டுவிட்டது என்று ஒருவர் வந்து நின்றதும் முதலில் கேட்பது எளிய கேள்விகளையே. மரக்கட்டையை இயந்திரத்துடன் பிணைக்கும் திருகாணிகள் இறுக்கமாக உள்ளனவா? குறிகாட்டியின் பிடி அசைகிறதா? கலனில் அமுக்கம் எவ்வளவு? புதிய டப்பாச் சன்னமா? அதற்குப் பின்னரே குழலைத் துப்புரவு செய்தல். அதிலும் ஒரு விநோதம் உண்டு. துப்புரவு செய்த உடனே சுடப்படும் முதற் சில சன்னங்கள் ஒழுங்கற்று விழும், குழலின் உட்புறம் மீண்டும் ஒரு மெல்லிய ஈயப் படலத்தைப் பெறும் வரை. இதையறியாதவர் சுத்தம் செய்ததால் மேலும் கெட்டது என்று முடிவு கட்டுவார். இவையெல்லாம் சரியாயிருந்தால் துப்பாக்கியைக் கவ்வுகருவியில் இறுக்கி, மனிதக் கையை முற்றாக விலக்கிவிட்டுப் பத்துச் சன்னங்களைச் சுடுவார்கள். எல்லாம் ஏறத்தாழ ஒரே துளையாக விழுந்தால் துப்பாக்கி நிரபராதி. நீதிமன்றச் செய்தியாளனாகச் சில காலம் இருந்த எனக்கு இம்முறை மிகவும் பிடித்திருக்கிறது. சந்தேக நபர்களை ஒவ்வொருவராக விடுவித்து, எஞ்சியவரைப் பார்ப்பது.

ஜிரண்டோனியின் நோய்க்கான மருந்துக்கு வருகிறேன். வால்தர் நிறுவனம் 1970களிலும் வைன்வேர்க்பௌ 1984 அளவிலும் ஒரே தடவை நெம்புகோலை இழுத்துக் காற்றை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் துப்பாக்கிகளை விற்பனைக்கு விட்டன. சுடும் தருணத்தில் கனமான எந்த உறுப்பும் பாய்வதில்லை. உதைப்பு என்ற சொல்லே மறைந்தது. ஆனால் அறுபது வேட்டுக்களுக்கு அறுபது தடவை நெம்புகோலை இழுப்பது தோளுக்குக் களைப்பு. அதைத் தவிர்க்க 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் காபனீரொட்சைட்டுச் சிலிண்டர்கள் வந்தன. ஐரோப்பாவின் குளிர்ந்த உள்ளரங்குகளில் அவை நன்றாகவே இயங்கின. எமது பக்கத்து நாடுகளுக்குத்தான் அவை பொருந்தவில்லை. திரவமாய் நிறைத்த காபனீரொட்சைட்டின் அமுக்கம் வெப்பநிலையைச் சார்ந்தது. 20 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 57 வளிமண்டலங்கள், 30 பாகையில் 70ஐத் தாண்டும். 31 பாகைக்கு மேல் அது திரவமாகவே இராது. கொழும்பிலோ சென்னையிலோ நண்பகலில் குளிரூட்டியற்ற ஒரு கொட்டகையில் பயிற்சி செய்பவருக்கு இதன் பொருள் என்ன? காலையில் திருத்திய குறி மதியத்தில் செல்லாது. அடுத்த தலைமுறைத் துப்பாக்கிகள் 200 வளிமண்டல அமுக்கத்தில் சாதாரணக் காற்றை நிறைத்து, ஒழுங்காக்கி ஒன்றின் வழியாக ஒவ்வொரு வேட்டுக்கும் ஒரே குறைந்த அமுக்கத்தை அளந்து கொடுத்தன. முதற் சன்னமும் கடைசிச் சன்னமும் ஒரே வேகம். 1500 தடவை பம்பியை அடித்த ஒஸ்திரியச் சிப்பாய் இதைக் கண்டிருந்தால் அழுதிருப்பான்.

சன்னங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். இடை சிறுத்த மணற்கடிகை வடிவிலான, அரைக் கிராமுக்குச் சற்றுக் கூடிய ஈயத் துண்டு அது. தலைப்பகுதியின் விட்டம் 4.48, 4.49, 4.50 மில்லிமீற்றர் என்று நூறிலொரு பங்கு வித்தியாசத்தில் தனித்தனியே விற்பனைக்கு வருகிறது. ஒரே அச்சில் உருவான தொகுதிகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. ஒரு குழலுக்கு உகந்த தொகுதி மற்றொரு குழலுக்கு உகவாது. ஆகவே வசதியுள்ள வீரர்கள் தம் துப்பாக்கியை ஜேர்மனியிலுள்ள தயாரிப்பாளரிடமே எடுத்துச் சென்று, கவ்வுகருவியில் இறுக்கி, பல தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, சிறந்து கூடிய தொகுதியை ஆயிரக்கணக்கில் வாங்கி வருவார்கள். வசதியற்ற கழகத்துப் பிள்ளைகளுக்கு வருவது எந்த டப்பா கிடைக்கிறதோ அது. பழைய துப்பாக்கி, கலந்த சன்னம், பரிசோதிக்கக் கவ்வுகருவி கிடையாது. பிள்ளை 8 சுடுகிறது. பயிற்சியாளர் மூச்சைக் கவனி என்கிறார். பிள்ளை மூச்சைக் கவனித்து மீண்டும் 8 சுடுகிறது. மாதக்கணக்கில் தன்னையே குற்றஞ்சாட்டிக் கொண்டு ஒருநாள் விளையாட்டை விட்டுப் போகிறது. எத்தனை பேர் இவ்வாறு போனார்கள் என்பதை எந்தப் புள்ளிப் பட்டியலும் காட்டாது. இந்த விளையாட்டில் ஏழ்மையின் மிகக் கொடிய பக்கம் தோல்வியன்று, தோல்வியின் காரணத்தை அறிய முடியாமைதான் என்பது என் கருத்து. அப்படியிருந்தும் 1994 விக்டோரியா பொதுநலவாய விளையாட்டில் மாலி விக்கிரமசிங்க, புஷ்பமாலி இராமநாயக்க ஆகிய இலங்கைப் பெண்கள் காற்றுத் துப்பாக்கி இரட்டையர் போட்டியில் தங்கம் வென்றதை நாம் அடிக்கடி மறந்து விடுகிறோம். 2021இல் டோக்கியோவுக்கு இலங்கையிலிருந்து தெஹானி எகொடவெல சென்றார். அதே போட்டியில் இந்தியாவுக்காகச் சுட்ட இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்த தமிழ்ப் பெண்.

காரணத்தைத் தேடுவதைத் தன் வாழ்வாகவே ஆக்கிக் கொண்ட ஒருவர் உண்டென்றால் அவர் அபினவ் பிந்திரா. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் 600க்கு 597 புள்ளிகள் பெற்று மூன்றாமிடத்தில் இறுதிக்கு நுழைந்தார். இறுதியில் ஏழாமிடத்துக்குச் சரிந்தார். கை பதறிவிட்டது, மனம் உடைந்து விட்டது என்றுதான் அன்றைய செய்திகளைப் படித்தவர்கள் எண்ணினார்கள். அவருங்கூட அவ்வாறே எண்ணினார். பின்னரே தெரியவந்தது, இறுதியில் அவர் நின்ற இடத்தின் தரையோடு தளர்ந்து அசைந்து கொண்டிருந்தது. அறுநூறில் மூன்றே புள்ளி இழக்கும் ஒருவனின் காலடியில் ஓடு அசைந்தால் விளைவு என்னவாகும் என்பதை மேலே சொன்ன கணக்குகள் காட்டும். நான்காண்டுகால உழைப்பை ஓர் ஓடு தின்று விட்டது. அன்றிலிருந்து எதையும் தற்செயலுக்கு விடுவதில்லை என்று அவர் தீர்மானித்தார். ஆடாத தரையில் நிற்பது மட்டும் போதாது, ஆடும் தரையிலும் நிற்கப் பழக வேண்டும் என்று பயின்றார்.

2008 ஆகஸ்ட் 11, பெய்ஜிங். தகுதிச் சுற்றில் 596, நான்காமிடம். இறுதிக்கு முன்னர் குறி பார்க்கவென்று வழங்கப்படும் சில நிமிடங்களில் அவர் சுட்ட சன்னம் நான்காம் வளையத்தில் விழுந்தது. இத்தரத்திலுள்ள ஒரு வீரர் பதினைந்து மில்லிமீற்றர் விலகிச் சுடுவது கைத்தவறினால் நிகழாது. எவரோ குறிகாட்டியைத் தொட்டிருக்கிறார்கள் என்றே அவரது பயிற்சியாளர் காபி பூல்மன் பின்னர் கூறினார். எவர் மீதும் குற்றம் நிறுவப்படவில்லை. அந்த நிமிடங்களில் பிந்திராவுக்கு அது யாரென்று ஆராய்வதற்கு நேரமுமில்லை. என்னை வியக்க வைப்பது அவர் எடுத்த முடிவு. பிழை என்னுடையதன்று, குறிகாட்டியினது என்று உடனே தீர்ப்பளித்துத் திருகத் தொடங்கினார். ஏதென்ஸில் தன்னைக் குற்றஞ்சாட்டிக் கொண்டிருந்த பழைய பிந்திராவாக இருந்தால் தன் நிலையை, தன் மூச்சை, தன் விரலைச் சந்தேகித்திருப்பார். திருத்திய குறியுடன் இறுதியின் முதற் சன்னம் 10.7. ஒன்பது சன்னங்கள் முடிந்தபோது பின்லாந்தின் ஹென்றி ஹக்கினெனுடன் சமநிலை. கடைசிச் சன்னத்தில் ஹக்கினென் 9.7, பிந்திரா 10.8. மொத்தம் 700.5. சீனாவின் சூ சினான் 699.7 உடன் இரண்டாமிடம். தனிநபராக ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் இந்தியர் அவரே.

கருவி காலை வாரிய கதைகள் அத்துடன் நிற்கவில்லை. டோக்கியோவில் 2021 ஜூலை 25ஆந் திகதி, காற்றுக் கைத்துப்பாக்கித் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் துப்பாக்கி பழுதடைந்தது. திருத்துவதற்குள் பொன்னான நிமிடங்கள் கழிந்தன. 575 புள்ளிகளுடன் பன்னிரண்டாமிடம், இரண்டே புள்ளிகளில் இறுதி தவறியது. 2024 பாரிஸில் இரு வெண்கலங்களுடன் அவர் திரும்பினார்.

பிந்திராவுக்கு வாய்த்த கடைசிச் சோதனை 2016 ஆகஸ்ட் 8ஆந் திகதி றியோவில். போட்டி நாளன்று அவர் துப்பாக்கியைச் சாய்த்து வைத்திருந்த கதிரை சரிந்து, துப்பாக்கி தரையில் விழுந்து, குறிகாட்டி உடைந்தது. மாற்றுக் குறிகாட்டியைப் பொருத்திக் கொண்டு களமிறங்கினார். இதனை அவர் தோல்விக்குச் சாட்டாகச் சொல்லித் திரியவில்லை. தகுதிச் சுற்றைத் தாண்டி இறுதியில் கடைசி நால்வருள் ஒருவராக நின்றபோது உக்ரேனின் செர்ஹி குலிஷுடன் புள்ளிகள் சமமாயின. இருவருக்கும் தலா ஒரு சன்னம். குலிஷ் 10.5, பிந்திரா 10. இப்போது நடைமுறையிலுள்ள தசமப் புள்ளி முறையில் ஒவ்வொரு பத்திலொரு புள்ளியும் கால் மில்லிமீற்றர். ஆகவே இருவரையும் பிரித்தது 1.25 மில்லிமீற்றர். குலிஷ் வெள்ளிப் பதக்கத்துடன் ஊர் திரும்பினார். தங்கம் இத்தாலியின் நிக்கொலோ கம்பிரியானிக்கு. நான்காமிடத்துடன் பிந்திரா துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.